கடல் பக்கம் விழுந்தவன்

அத்தியாயம் 5

அட்டைப்பெட்டியின் வாயைக் கிழித்த மாத்திரத்தில், காலையில் தின்ற வடா பாவ் இரண்டையும் நினைத்து அம்பி வருத்தப்பட்டான்.

ஒரு மழைக்காலம் முழுக்க மாடிப்படிக்குக் கீழே கிடந்த பெட்டி. புளித்துப்போன ஈரத்துணி, எலிப் புழுக்கை, துரு, இவை எல்லாவற்றையும் மீறிக்கொண்டு கெட்டுப்போன புளிக்காய்ச்சலின் நெடி. ஔந்தில் இருக்கும் அந்த நடுத்தரக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடமே மூக்கைச் சுளித்தது. வாசலில் இருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "க்யா மர் கயா, சாப்?" என்று, எது செத்ததென ஹிந்தியில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டான்.

"மேடம், சைக்கிள் இருக்குன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க? உள்ள இருக்கறது எருமை. அதுவும் போன ஜூன்ல செத்தது."

"மூக்கால பேசாதே அம்பி. கையை விட்டு வெளிய எடு" என்றார் மங்கையர்க்கரசி.

இந்த மங்கையர்க்கரசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சர்க்கார் அலுவலகத்தில் பல வருடம் பயணப்படி கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். போகாத ஊருக்குப் போனதாகவும், படுக்காத ஹோட்டலில் படுத்ததாகவும் எழுதிய பெரிய மனிதர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். மேலே இருந்தவர்களையும் பிடிக்க ஆரம்பித்ததும் அலுவலகம் அவரை மரியாதையாக வழியனுப்பி வைத்தது. இப்போது கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேல் துப்பறியும் ஆபீஸ். அவருடைய பெயர் முழுசாகப் போர்டில் அடங்கவில்லை என்பது அம்பி அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிவரும் குறை.

தூணை ஒட்டி ரமா நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். முந்தானையால் மூக்கை மூடாமல் நின்ற ஒரே ஆள் அவள்தான். அது அவளுடைய புருஷன் மாதவின் சைக்கிள். ஏப்ரல் மாதம் அவனும், அவனோடு ஹிஞ்சவாடியில் ஒரே மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த கிருஷ்ணாவும் ராகவேந்திராவும் மத்தியதரைக் கடலோரமாகச் சைக்கிள் விடப் போனார்கள். இத்தாலி எல்லையில் ஆரம்பித்து பிரான்ஸ் நாட்டுக் கரையோரமாகவே மேற்கே மர்சேய் வரை. லோனாவ்லா மலை ஏறி ஏறி ஒரு வருடம் பழகிவிட்டுப் போனார்கள். போனவர்கள் மூன்று பேர். திரும்பியவர்கள் இரண்டு பேரும் ஒரு பெட்டியும்.

"கிருஷ்ணாதான் பெட்டியைக் கொண்டாந்து இறக்கினார்" என்றாள் ரமா. "வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க, செத்தவர் சாமான், தீட்டு, திறக்கவும் வேண்டாம், பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுங்கன்னு சொன்னார். அத்தையும் அதையேதான் சொன்னாங்க. எனக்குத்தான் போட மனசு வரலை."

அவள் அத்தை, அதாவது மாமியார் வேதநாயகி, தாபோடியில் இருந்தாள். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு, நாலு வயசுப் பேத்தி ரீனாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உன் வாய்க்குப் பக்கத்துல இந்தக் குழந்தை வளர வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். அன்றிலிருந்து ரமா தினமும் தாபோடிக்குப் போகிறாள். கேட்டுக்கு வெளியே நின்று, குழந்தை ஜன்னலுக்கு வந்தால் பார்த்துவிட்டு வருகிறாள். பெற்ற பெண்ணைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற பிழைப்பு.

காரணம் ஒரு போன். விபத்துக்கு முந்தின ராத்திரி மாதவிடம் ரமா சண்டை போட்டாள். குழந்தைக்கு ஜுரம், நீங்கள் அங்கே ஊர் சுற்றுகிறீர்கள் என்று ஆரம்பித்து, கடைசியில், "எங்கேயாவது விழுந்து தொலைங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். மறுநாள் அவன் விழுந்தான். "அந்த வார்த்தையைக் கேட்டதுலேர்ந்து மாதவ் சரியா இல்லை. காலையில யார்கிட்டயும் பேசாம தனியா முன்னாடி போயிட்டான். நாங்க வந்து பார்க்கறப்ப கடல் பக்கத்துச் சுவருக்குக் கீழ கிடந்தான்." இது தாபோடியில் வந்து உட்கார்ந்து கிருஷ்ணா சொன்ன கதை.

"நான் சொன்னது நிஜம் மேடம்" என்றாள் ரமா. "அந்த வார்த்தையைச் சொன்னேன். அதனாலதான் போனாருன்னா, அதையும் தெரிஞ்சுக்கறேன். தெரியாம இருக்கறதுதான் முடியலை."

அம்பிக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதை விட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டான். பிசுபிசுவென்று எதுவோ விரலில் ஒட்டியது. "ஐயே" என்று கத்தியபடியே சைக்கிளை வெளியே இழுத்துப் போட்டான்.

முன்சக்கரம் கோணிப் போயிருந்தது. ஹேண்டில்பாரில் துரு. அதன் ஒரு முனையில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற சின்ன வட்டக் கண்ணாடி, விரிசலோடு. மங்கையர்க்கரசி பெட்டியை விட்டுவிட்டு அந்தக் கண்ணாடி முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"ரமா, இது எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம்." சொல்லிவிட்டு ரமா நெற்றியைச் சுருக்கினாள். "இல்லையே, வலது பக்கம்தானே இருக்கும்? நான் எத்தனை தடவை துடைச்சிருக்கேன்."

"பெட்டியில கட்டினவன் மாத்திப் போட்டிருப்பான்" என்றான் அம்பி.

"கடல் காத்துல வந்த மணல் ஸ்க்ரூ இடுக்குல எப்படிப் படிஞ்சு இறுகியிருக்கு பாரு. இது அங்கே போனதும் மாட்டினது. ஏன் மாட்டினான்? நம்ம ஊர்ல நீ எந்தப் பக்கம் வண்டி ஓட்டறே?"

"போலீஸ் இல்லாத பக்கம்."

"அம்பி."

"இடது பக்கம் மேடம். முந்திப் போறவன் வலது பக்கமா போவான். அதனால கண்ணாடி வலது பக்கம்."

"அங்கே எல்லாம் தலைகீழ். வலது பக்கம்தான் ஓட்டணும். முந்திப் போறவன் இடது பக்கமா வருவான். மாதவ் போய் இறங்கின உடனே அதை யோசிச்சுக் கண்ணாடியை மாத்தி மாட்டியிருக்கான். அவ்வளவு கவனமானவன்." மங்கையர்க்கரசி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இப்ப இதைச் சொல்லு. தெற்கே கடல். இவங்க போனது மேற்கே. கடல் எந்தக் கைப் பக்கம்?"

அம்பி சூரியனைப் பார்த்து, வாட்ச்மேனைப் பார்த்து, மேற்கைக் கண்டுபிடித்துத் திரும்பி நின்றான். "இடது கை."

"ஒழுங்கா வலது பக்கம் ஓட்டறவன் மலையை ஒட்டில்ல போவான்? அவனுக்கும் கடலுக்கும் நடுவுல முழு ரோடு இருக்கு. சக்கரம் தடுக்கினா, மயக்கம் வந்தா, மனசு உடைஞ்சு போய் ஓட்டினாலும்கூட மலைப் பக்கம்தான் விழுவான். மாதவ் எதுக்கு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனான்?"

ரமா தூணை விட்டுப் பெட்டியருகே வந்து குனிந்தாள்.

பெட்டியின் அடியில் அந்த ஊர்ப் போலீஸ் சீல் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. இதைத் திறந்தபோது வந்த வாடைக்கு எருமையே தேவலை. நின்றுபோன கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடிக் கூடு, விறைத்துப்போன ஒரு ஜோடிக் கையுறை. வலது கையுறையின் மணிக்கட்டு வெல்க்ரோ ஒட்டுப்பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டைத் துண்டு சிக்கிக்கொண்டிருந்தது. தோளில் மாட்டும் பையின் பட்டை. தையலோடு பிய்ந்து வந்திருந்தது.

"அவரோட பை நீலம்" என்றாள் ரமா. "நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவர்கிட்ட ஆரஞ்சு கலர்ல எதுவுமே கிடையாது."

"சண்டை!" என்றான் அம்பி. "தள்ளிவிட்டிருக்கான். இவர் பையைப் பிடிச்சிருக்கார். மேடம், இது கொலை."

மங்கையர்க்கரசி அந்தப் பட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். "ரமா, நீ நேரா தாபோடிக்குப் போ. தினமும் நிக்கற இடத்துல நில்லு. நாங்க வரோம்."

*

கிருஷ்ணாவின் ஃப்ளாட்டும் ஔந்தில்தான். நாலு தெரு தள்ளி. கதவைத் திறந்தவன் ஒரு வெள்ளை டி-ஷர்ட் போட்டிருந்தான். நெஞ்சில் ஒரு சைக்கிள் படம், அதற்குக் கீழே ஆங்கிலத்தில், 'மாதவுக்காக மிதிப்போம்.'

"மெமோரியல் ரைடு மேடம். அடுத்த மாசம் நடத்தறோம். அவனுக்காக நான் செய்யக்கூடியது இவ்வளவுதான்." குரலில் சரியான இடத்தில் ஒரு கரகரப்பு. "உள்ள வாங்க. காபி சாப்பிடறீங்களா? ராகவும் வந்திருக்கான்."

ராகவேந்திரா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பாக்கெட் சிப்ஸை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தான். தின்னவில்லை. உடைத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான். வணக்கம் சொன்னபோதும் நிமிரவில்லை.

ஹால் சுவரில் கொக்கி போட்டு ஒரு சைக்கிள் தொங்கியது. அதற்கு மேலே விளக்கு. பக்கத்தில் ஒரு பெரிய போட்டோ, நீலக் கடலின் முன்னால் மூன்று பேர் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். போட்டோவுக்குக் கீழே ஒரு ஆரஞ்சுப் பை. சாமி மாடம் மாதிரி ஜோடித்து வைத்திருந்தான். ஊதுபத்தி ஒன்றுதான் குறை என்று அம்பி நினைத்துக்கொண்டே பார்த்தால், ஊதுபத்தியும் இருந்தது.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றார் மங்கையர்க்கரசி. "தினமும் துடைப்பீங்களோ?"

"தூசி மட்டும் தட்டுவேன் மேடம். அதுல ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொட்டதில்லை. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே. தொட்டா மாதவைத் தொட்ட மாதிரி."

"அப்படியா? அப்ப அந்தக் கண்ணாடி?"

கிருஷ்ணா திரும்பிப் பார்த்தான். கண்ணாடி வலது பக்கம் இருந்தது.

"அங்கே போனதும் மாதவ் தன்னோடதை இடது பக்கம் மாத்தினார். நீங்க மாத்தலை. அத்தனை நாளும் இந்தக் கண்ணாடியில என்ன பார்த்தீங்க? மலையையும் புல்லையுமா?"

"நான்... எனக்கு அதெல்லாம் தோணலை. இதுல என்ன மேடம் இருக்கு?"

"ஒண்ணுமில்லை. யாருக்கு எந்தப் பக்கம் ஞாபகம் இருந்துது, யாருக்கு இல்லைன்னு சொல்லுது. கடல் பக்கம் போய் நின்னவன் மாதவ் இல்லை. நீங்க." அவர் சுவரருகே போய் ஆரஞ்சுப் பையை எடுத்தார். ஒரு தோள்பட்டை பழசு, ஆரஞ்சு. மற்றது புதுசு, கறுப்பு. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தது. "இதையும் தொடவே இல்லையா?"

கைக்குட்டையைப் பிரித்து, பிய்ந்த துண்டை மேஜைமேல் வைத்தார். புளித்த வாடை ஊதுபத்திப் புகையோடு கலந்து அந்த ஹாலில் பரவியது. "மாதவோட கையுறையில இருந்துது. பெட்டியைத் திறக்க வேண்டாம்னு நீங்க சொன்னதை எல்லாரும் கேட்டாங்க. உள்ள என்ன இருக்குன்னு நீங்களும் பார்க்கலை. நாத்தம் உங்களுக்கும் ஆகலை."

இதற்குமேல் அம்பியால் பொறுக்க முடியவில்லை. "ஏன்யா தள்ளிவிட்டே?"

"தள்ளலை!" என்று கத்தியது கிருஷ்ணா இல்லை, ராகவேந்திரா. சிப்ஸ் தட்டு கவிழ்ந்தது. "தள்ளலை சார். அப்படி ஏதாவது இருந்தாக்கூட நான் இவ்வளவு அசிங்கமா உணர்ந்திருக்க மாட்டேன்."

"ராக், சும்மா இரு."

"நீ சும்மா இரு. அஞ்சு மாசமா நீதான் பேசறே." ராகவேந்திரா எழுந்து நின்றான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டான், எடுத்தான். "அன்னிக்குக் கடல் பக்கம் ஒரு கடையில காபி குடிச்சோம் மேடம். கிளம்பறப்ப இவன் அப்படியே இடது பக்கமா ஏறிப் போயிட்டான். எங்கேயாவது நின்னுட்டுக் கிளம்பினா இவனுக்கு நம்ம ஊர் வழக்கம் வந்துடும். தினமும் இதேதான். மாதவ் பின்னாலேர்ந்து 'சோத்துக்கை, சோத்துக்கை'ன்னு கத்திக்கிட்டே வருவான். எங்களுக்கு அது ஒரு ஜோக் மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கும் கத்தினான். வளைவுல ஒரு லாரி வந்துது. இவன் ஹேண்டிலைப் பிடிச்சபடி அப்படியே நின்னுட்டான். மாதவ் ரோட்டைக் கடந்து வந்து, இவன் பையைப் பிடிச்சு மலைப் பக்கமா இழுத்து விட்டான். இவன் இந்தப் பக்கம் விழுந்தான். அவன் அந்தப் பக்கம் போயிட்டான். லாரி ரெண்டு பேருக்கும் நடுவுல போச்சு, நிக்கவே இல்லை. முழங்கால் உயரத்துக்குத்தான் சுவர்."

 அம்பி கொலைகாரனைத் தேடிக்கொண்டு வந்திருந்தான். அகப்பட்டவன் அதைவிட மட்டமாக இருந்தான். உயிரைக் கொடுத்து இவனைக் காப்பாற்றியவனை, பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு போய் விழுந்தவன் என்று ஊர் முழுக்கச் சொல்லி, டி-ஷர்ட்டும் அச்சடித்திருக்கிறான்.

"போலீஸ்கிட்ட பொய் சொன்னீங்க. சரி, அந்நிய ஊர், பயம்" என்றார் மங்கையர்க்கரசி. "ரமா தலையில ஏன் போட்டீங்க?"

கிருஷ்ணா சோபாவில் உட்கார்ந்துவிட்டான். "நான் வேணும்னு பண்ணலை மேடம். இங்க வந்ததும் மாதவோட அம்மா கேட்டாங்க. அவ்வளவு கவனமான பையன் எப்படிப்பா விழுந்தான்னு. என்னையே பார்த்துக்கிட்டுக் கேட்டாங்க. முந்தின ராத்திரி ரமா போன்ல கத்தினது எங்களுக்கும் கேட்டுது, ஸ்பீக்கர்ல போட்டிருந்தான். வாயில அதுதான் வந்துச்சு."

"வந்துச்சு. அதுக்கப்புறம் இத்தனை மாசத்துல அதைத் திரும்ப வாங்கிக்க முடியலையா? குழந்தையைப் பிரிச்சு வச்சது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். சரியாயிடும்னு நினைச்சேன். ரமா எப்படியும் அழுதுக்கிட்டுத்தானே மேடம் இருப்பா? அவளுக்கு இதனால புதுசா என்ன?" சொன்னபிறகுதான் அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். அவசரமாக, "அம்மாவை நான் விட்டுடலை" என்றான். "ஞாயித்துக்கிழமை தவறாம போறேன். மத்தியானம் அவங்க வீட்லதான் சாப்பாடு. என்னைப் பார்த்தா மாதவைப் பார்த்த மாதிரி இருக்குன்னு சொல்வாங்க."

 பெட்டிக்குள் கைவிட்டபோதுகூட அம்பிக்கு இப்படி அருவருக்கவில்லை. 

"கிளம்புங்க" என்றார் மங்கையர்க்கரசி. "தாபோடிக்கு."

"இப்பவா? நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே மேடம், எப்படியும் போவேன். அப்ப பக்குவமா எடுத்துச் சொல்றேனே."

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, சாப்பிட்ட பிறகா?" என்றான் அம்பி.

 ராகவேந்திரா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான். "நீ வரலைன்னா நான் போய்ச் சொல்றேன்" என்றான். கிருஷ்ணா கார் சாவியைத் தேடினான். கையிலேயே வைத்துக்கொண்டு தேடினான்.

*

தாபோடியில் ராணுவப் பணிமனைக்காரர்கள் கட்டிக்கொண்ட ஓட்டு வீடுகளின் வரிசையில் கடைசி வீடு. கேட்டுக்கு வெளியே, வெயிலில், ரமா நின்றிருந்தாள். வழியெல்லாம் காருக்குள் மல்லிகை சென்ட் வாடையில் தலை கிறுகிறுத்துப் போயிருந்த அம்பி, இறங்கியதும் ஒரு முறை ஆழமாக மூச்சு விட்டான்.

வேதநாயகி கதவைத் திறந்தாள். கிருஷ்ணாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை அம்பியால் பார்க்கச் சகிக்கவில்லை.

"வாப்பா. நாளைக்குத்தானே வருவே? ராகவையும் கூட்டிட்டு வந்திருக்கே, நல்லதாப் போச்சு. உட்காரு. இன்னிக்குத்தான் வெண்டைக்கா வதக்கினேன், உனக்குப் பிடிக்குமே. ஒரு வாய் சாப்பிடு." பேசிக்கொண்டே வெளியே பார்த்தாள். குரல் மாறியது. "அவ எதுக்கு நிக்கறா? அவளையா கூட்டிட்டு வந்தீங்க?"

"அவங்க தானா வந்தாங்கம்மா" என்றார் மங்கையர்க்கரசி. "வாசல்லயே நிக்கட்டும். கதவை மட்டும் சாத்தாதீங்க. கிருஷ்ணா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

சுவரில் மாலை போட்ட மாதவ் படம். அதற்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் கிருஷ்ணா போய் உட்கார்ந்தான். பழக்கம். அதுதான் அவனுடைய ஞாயிற்றுக்கிழமை நாற்காலி என்று பார்த்தாலே தெரிந்தது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திரைக்குக் கீழே ஒரு சின்னப் பாதம் தெரிந்தது.

கிருஷ்ணா ஆரம்பித்தான். ரோட்டைப் பற்றிச் சொன்னான், அந்த ஊர் லாரிகளைப் பற்றிச் சொன்னான், வளைவுகளைப் பற்றிச் சொன்னான். மங்கையர்க்கரசி, "நேரா வாங்க" என்றார். நேராக வந்தான். தான் தவறான பக்கம் போனது, மாதவ் கத்தியது, குறுக்கே வந்தது, இழுத்தது. "அவன் தனியா போகலைம்மா. கோவமா இருக்கலை. நான்தான் அப்படிச் சொன்னேன்." அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இந்த ஒரு டம்ளர் நேரத்துக்காக ஒருத்தி மாசக்கணக்கில் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது அம்பிக்குக் கை துறுதுறுத்தது.

வேதநாயகி அழவில்லை. கிருஷ்ணாவையும் பார்க்கவில்லை. ராகவேந்திராவைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னிக்கு ராத்திரி இவ அப்படிச் சொன்னாளே. அதைக் கேட்டு எம்புள்ள என்ன சொன்னான்?"

"சிரிச்சான்மா." என்றான் ராகவேந்திரா. "இவ இப்படித்தான்டா, குழந்தைக்கு ஜுரம்னா இவளுக்குப் பைத்தியம் பிடிச்சுடும்னான். காலையில எழுந்து மொதல்ல போன் பண்ணணும்னு சொல்லிட்டுத்தான் படுத்தான். அங்க விடிஞ்சதும் பண்ணினான். மணி அடிச்சுது, யாரும் எடுக்கலை."

வாசலில் ரமா கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட போயிருந்தேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "பாப்பாவைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போயிருந்தேன்."

வேதநாயகி மெல்ல கிருஷ்ணாவின் பக்கம் திரும்பினாள். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். அவன் வாயைப் பார்த்தாள்.

"இந்தக் கையால பிசைஞ்சு போட்டேனேடா உனக்கு" என்றாள். "எம்புள்ளைக்குப் போடற மாதிரி. இன்னும் கொஞ்சம் போடுங்கம்மான்னு கேட்டு வாங்கித் தின்னியே. என் மருமகளை வெயில்ல நிக்க வச்சிட்டு, அவளைப் பார்த்துக்கிட்டே உக்காந்து தின்னியே."

"அம்மா, நான்..."

அவன் முடிக்கவில்லை. வேதநாயகி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். தடுமாறிக்கொண்டே பின்கட்டுக்கு ஓடினாள். குளியலறைக் கதவு சுவரில் மோதியது. அடுத்த நிமிஷம் குடலைப் பிடுங்குகிற மாதிரி ஓங்கரிக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஒரு தடவை, மறுபடியும், மறுபடியும். உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் நிற்கவில்லை.

கிருஷ்ணா எழுந்திருக்கப் பார்த்தான். மங்கையர்க்கரசி ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்துவிட்டான். ராகவேந்திரா சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். திரைக்குப் பின்னால் குழந்தை விழித்துக்கொண்டு, "ஆயா?" என்று கூப்பிட்டது.

ரமா கேட்டைத் திறந்து வாசற்படி வரை வந்துவிட்டாள். படியில் கால் வைத்தவள் அங்கேயே நின்றாள். உள்ளே போகலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை மாதத்தில் அந்தப் படியைத் தாண்டி அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

ஓங்கரிப்புக்கு நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டே, பின்கட்டிலிருந்து வேதநாயகியின் குரல் வந்தது.

"ரமா... அடியே ரமா... வந்து நெத்தியப் பிடிச்சுக்கோடி."

ரமா ஓடினாள்.